ஆட்டுக்கொட்டகையில் விழாத இடைவெளி

என் பெயரை நானே ஒரு கோட்டுக்கு வைத்துக்கொண்டவன் நான். கேட்கும் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். எழுதும் எனக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர்கள் சாலைக்குப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த படியில் இருப்பவர்கள் பள்ளி மண்டபத்துக்கு. அதற்கும் வசதி இல்லாதவர்கள் கோவில் மின்விசிறியின் இறக்கையில் எழுதிவைத்து, அது ஓடும்போது யாராலும் படிக்க முடியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்தது கணினியில் ஒரு கோடு. அதற்கு ‘மணியம்-1’ என்று பெயர் சூட்டினேன். மணியம்-2 என்று ஒன்று வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளில் மலேசியாவின் சிரம்பான் நகரில் ஓர் எஞ்சினியர் அலுவலகத்தில் பிளான் வரைபவனாகச் சேர்ந்தேன். பக்கத்தில் இருந்த ராசாவில் வீடு; பஸ்ஸில் வந்து போவேன். அப்போது எல்லாம் கையால்தான். அது பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மை சொட்டும். சொட்டியதை பிளேடால் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அதிகம் சுரண்டினால் தாளில் ஓட்டை விழும். பின்பக்கம் ஒட்டுப் போட்டு, முன்பக்கம் தெரியாமலிருக்க அங்கே ஒரு மரம் வரைவோம். அந்த நாளைய பிளான்களில் சாலை நடுவிலும் கழிவுநீர்க் குழாய் மேலும் மரங்கள் நிற்பதைக் கண்டால், எங்களுக்கு இயற்கையின் மேல் இருந்த பற்று என்று எண்ணிவிடாதீர்கள்.

கையால் வரைந்ததில் ஒரே ஒரு நன்மை இருந்தது. அது நன்மை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு கட்டடம் இடிக்கப்படப் போகிறது என்றால் அதைத் துண்டுக் கோட்டால் காட்டுவோம். கொஞ்சம் கோடு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி கோடு. இருக்கப்போகும் கட்டடத்துக்கு முழுக்கோடு. நீளமான கட்டடம் வந்தால் கை நீளத் துண்டுகளாகப் போடும். கோழிக்கூண்டு வந்தால் அதே கை யாரும் சொல்லாமல் துண்டுகளைச் சுருக்கிக்கொள்ளும். இதில் திறமை ஒன்றும் இல்லை. கண் இருந்தால் போதும்.

தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. மனிதர்கள் பல வருடம் கேட்டும் கிடைக்காத குளிர்சாதனம், அது வந்த அன்றே அதன் அறைக்குக் கிடைத்தது. குளிருக்காகவே நாங்கள் கணினி கற்க ஆர்வம் காட்டினோம். என்னைக் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குறுகிய பயிற்சி. ஒரு மனிதன் தானும் கெட்டு, அலுவலகத்தையும் கெடுக்கப் போதுமான அளவு அறிவோடு திரும்பி வந்தேன்.

கணினியிலேயே தயாராகத் துண்டுக் கோடுகள் இருந்தன. அவை எனக்குப் பிடிக்கவில்லை. தையல்காரர் போடும் ஓட்டுத்தையல் மாதிரி அற்பமாகத் தெரிந்தன. நாமே ஒரு கோட்டு வகையை உருவாக்கிக்கொள்ளலாம் என்று பயிற்சியில் போகிற போக்கில் சொல்லியிருந்தார்கள். கோடு எவ்வளவு நீளம், இடைவெளி எவ்வளவு, புள்ளி எங்கே என்று எண்களை எழுதிக் கொடுத்தால் போதும். நான் உட்கார்ந்து இழைத்தேன். ஒரு நீண்ட கோடு, இடைவெளி, புள்ளி, இடைவெளி, இன்னொரு புள்ளி, இடைவெளி, மறுபடி நீண்ட கோடு. தொடையில் தாளம் போட்டும் பார்த்தேன்: தாஆஆ… திக், திக், தாஆஆ… திக், திக். கச்சேரி மாதிரி இருந்தது. பெயர் கேட்டது கணினி. கொடுத்தேன்.

இதில் நான் சரியாகக் கேட்டுக்கொள்ளாத பாடம் ஒன்று உண்டு. துண்டுக் கோட்டுக்கு மூலை மரியாதை உண்டு. ஒரு சுவர் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கோடு இருக்கவேண்டும், இடைவெளி வரக்கூடாது என்று கணினி பிடிவாதம் பிடிக்கும். இல்லையென்றால் மூலை திறந்து கிடக்கும். நடுவில் ஒரு முழுத் தாளம் அடங்கும் அளவுக்குச் சுவர் நீளமாக இருந்தால் பிரச்சினை இல்லை. சுவர் அதைவிடக் குட்டை என்றால் கணினி தாளத்தையே கைவிட்டுவிடும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முழுக்கோடாக இழுத்துவிட்டுப் போய்விடும். மணி அடிக்காது. எச்சரிக்கை வராது. “உன் இடைவெளி இங்கே விழவில்லையப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லாது. என் கோட்டின் தாளமோ மிக நீளம். தன் பெயரை வைப்பவன் நீளமாகத்தானே வைப்பான்?

அப்போது தம்பின் ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் அங்கே கோல்ஃப் திடலும் அதைச் சுற்றிப் பங்களாக்களும் கட்டப் போவதாக அறிவித்தார்கள். தோட்டத்தில் இருக்கும் எல்லாக் கட்டடங்களையும் அளந்து, எது இருக்கும், எது இடிக்கப்படும் என்று பிளான் போட்டு மாவட்ட மன்றத்தின் ஒப்புதல் வாங்கும் வேலை எங்களுக்கு வந்தது. வரைய அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர் ஸ்டோர், ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடு, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள், அவற்றின் பின்னால் இருந்த கக்கூசுகள், கோழிக்கூண்டுகள் எல்லாம் போகவேண்டும். துரை பங்களா மட்டும் இருக்கும். அது கோல்ஃப் ஆடுபவர்கள் களைப்பாறும் இடமாக மாறும். ஆக, ஒரே ஒரு முழுக்கோட்டுக் கட்டடம். மற்றதெல்லாம் மணியம்-1.

பிளான் கொடுக்கவேண்டிய கடைசி நாள். மன்ற அலுவலகத்துக்கு எடுத்துப் போகவேண்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் எஞ்சினியர் முதல் பிரதியைத் தூக்கிப் பிடித்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. மகன் எஞ்சினியர் ஆகியும், ரயில் நேரத்தைச் சரிபார்க்கும் முகம் மட்டும் அப்படியே வந்திருந்தது.

“ஐசே மணியம், இந்தச் சின்னத் துண்டெல்லாம் ஈ மொய்ச்ச மாதிரிக் கிடக்கு. தூரத்தில இருந்து பார்த்தா முழுக்கோடு மாதிரியெல்லோ தெரியுது. கொஞ்சம் விரிச்சு விடும்.”

சொன்னதில் தவறில்லை. பிளான் சுருங்கிய அளவில் அச்சாகியிருந்தது; அதோடு சேர்ந்து துண்டுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வரைபடம் முழுவதற்கும் கோட்டு அளவை மாற்ற ஒரே ஓர் எண் போதும். பெரிய எண்ணாகவே போட்டேன். திரையில் இருந்த கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சோம்பல் முறித்தன. தாஆஆஆ… திக்… திக்… எனக்கே கண் கலங்கியது.

அச்சானதை மேசையில் விரித்தோம். நான் ரப்பர் ஸ்டோரைப் பார்த்தேன். நீளக் கட்டடம், கோடு நன்றாக விழுந்திருந்தது. எஞ்சினியர் லயங்களைப் பார்த்தார்; இன்னும் நீளம், இன்னும் நன்றாக விழுந்திருந்தது. “இப்ப சரி” என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பிற்பாடு மன்றத்தில் பார்த்தவர் துரை பங்களாவைப் பார்த்திருக்க வேண்டும். அது முழுக்கோடாக, கம்பீரமாக இருந்தது. அவரும் முத்திரை குத்தினார். மூன்று பேர் பார்த்தோம்; மூன்று பேரும் பெரிய கட்டடங்களை மட்டுமே பார்த்தோம். இது பிளான் பார்ப்பதில் மட்டும் உள்ள பழக்கம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

சில மாதம் கழித்து இடிக்கும் வேலையை எடுத்த குத்தகைக்காரர் போன் செய்தார். ஆ லெக் என்று பெயர். அந்தத் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர். தோட்டத் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவார்.

“மணியம் சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்கலா. இங்க ஒரு அம்மா புல்டோசர் முன்னால நாக்காலி போட்டு ஒக்காந்திருக்கு.”

“போலீஸைக் கூப்பிட வேண்டியதுதானே?”

“எதுக்குக் கூப்புடுறது? அந்தம்மா சொல்றது சரி. அதான் கஷ்டம்.”

நடந்தது இதுதான். ஆ லெக் நியாயமான மனிதர். வேலை தொடங்குமுன் தோட்டத்து மக்களை ஸ்டோர் முன்னால் கூட்டி, ஒப்புதல் பெற்ற பிளானைச் சுவரில் ஒட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார். “நல்லாப் பாத்துக்குங்க. விட்டு விட்டுக் கோடு வந்தா ஒடைப்போம். முழுசாக் கோடு இருந்தா தொட மாட்டோம். இது மன்றத்துல சாப்பு குத்துன பிளான். நாளைக்கு யாரும் வந்து சண்டை போடக் கூடாது.” எல்லாரும் தங்கள் லயத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். விட்டு விட்டு. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கோடாகப் பார்த்ததும் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்களாம்.

ஆ லெக் போனில் சொன்ன அந்த அம்மா, அஞ்சலை, மட்டும் லயத்தைத் தேடவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த தன் ஆட்டுக்கொட்டகையைத் தேடியிருக்கிறார். விரலை வைத்து நான்கு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு முதலாளி ஆ லெக்கிடம் கேட்டிருக்கிறார்: “ஏன் தவுக்கே, என் கொட்டாயி முழுசா இருக்கே?”

ஆ லெக் கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். முழுசாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் இடிக்கச் சொல்லியிருந்தது கம்பெனி; புல்டோசர் வந்ததும் அஞ்சலை நாற்காலியைப் போட்டுவிட்டார்.

எஞ்சினியரும் நானும் காரில் புறப்பட்டோம். கிளம்புமுன் நான் கணினியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். ஆட்டுக்கொட்டகை மட்டுமா? தோட்டத்தில் இருந்த குட்டைக் கட்டடம் ஒவ்வொன்றும் முழுக்கோடாக நின்றது. வழி நெடுகச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

“சார், நான் நெனச்சது என்னன்னா…”

“நீர் நினைச்சது பிளானில இருக்கோ?”

“இல்ல சார்.”

“பிளானில என்ன இருக்கு?”

“முழுக்கோடு.”

“அப்ப அதுதான் பிளான். உம்மட நினைப்பை ஆரும் முத்திரை குத்தேல்லை.”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முழுக் கல்வியும் அந்தச் சில நொடிகளில் முடிந்துவிட்டது. தம்பின் வரையிலான மீதிப் பயணம் வீண்.

தோட்டத்தில், ஓட்டும் பையன் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க, புல்டோசர் நின்றது. அதற்கு எதிரே, கோவில் விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, நல்ல உயரம். முட்டி தேய்ந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை நிறுத்திய பிறகு ஆடுகளை வைத்துத்தான் குடும்பம் ஓடியது. கணவர் இருந்தார். ஆனால் வருமானம் என்று வரும்போது அவரை அஞ்சலை ஆடுகளுக்குப் பின்னால்தான் வைப்பார் என்று ஆ லெக் சொன்னார்.

“நீங்கதான் கோடு போட்டவரா?” என்றார் அஞ்சலை என்னிடம்.

“ஆமாக்கா.”

“நல்லாருப்பீங்க தம்பி. எங்களைக் கொண்டுபோயித் தகரக் கொட்டாயில வெக்கிறாங்களாம், கம்பெனி எங்களுக்கு மலிவு வீடு கட்டி முடிக்கிற வரைக்கும். அங்க மனுசனுக்கே மூச்சு விட எடமில்ல. ஆடு கொண்டாரக் கூடாதுன்னு ரூல் போட்டாச்சு. தம்பின்ல இருந்து கறிக்கடைக்காரன் தெனமும் வந்து நிக்கிறான். வெல கேக்க மாட்டேங்கிறான் தம்பி. சும்மா பாத்துட்டுப் போறான். எனக்கு வேற வழியில்லன்னு அவனுக்குத் தெரியும். மலிவு வீடு முடியிற வரைக்கும் இந்தக் கொட்டாயி நின்னாப் போதும். என் ஆடு பொழைச்சுக்கும், நானும் பொழைச்சுக்குவேன்.”

இதற்குள் வாங்கிய நிறுவனத்தின் திட்ட மேலாளர் வந்துவிட்டார். கோலாலம்பூர்க்காரர். நம்மவர்தான், தோட்டத்துச் செம்மண்ணுக்கு வெள்ளைக் காலணி போட்டு வந்திருந்தார். சிரித்துக் கை குலுக்கி, என்னைத் தனியே இரண்டு அடி தள்ளிக்கொண்டு போனார். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினார். தனியே போனது ஒரு மரியாதைக்கு.

“மிஸ்டர் மணியம், இது கம்ப்யூட்டர் மிஸ்டேக்தானே? சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்தப் பையன் மெஷினை ஓட்டட்டும். அடுத்த ஃபேஸ் வேலையும் உங்க ஆபீஸுக்குத்தான் குடுக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்.”

எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. அஞ்சலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆ லெக்கும் பார்த்தார். கொஞ்ச தூரத்தில், வேலியருகே, தோளில் துண்டோடு ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், கறிக்கடைக்காரராகத்தான் இருக்கவேண்டும். அவரும் சும்மா பார்த்தார்.

நெருக்கடியில் எடுக்கும் முடிவைப் பற்றி நீங்கள் பல கட்டுரைகள் படித்திருப்பீர்கள். நெருக்கடியில் மனிதனுக்குத் தெளிவு பிறக்கும் என்று எழுதியிருப்பார்கள். எனக்குப் பிறந்தது கணக்கு. தவறு என்று சொன்னால், என்ன தவறு என்று கேட்பார்கள். கோட்டு அளவு என்று சொல்லவேண்டும். எந்தக் கோடு என்பார்கள். பெயரைச் சொல்லவேண்டும். முத்திரை குத்திய பிளானில் இடிக்க வேண்டியது எது, இருக்க வேண்டியது எது என்றே தெரியாத அலுவலகம் என்ற பெயர் எஞ்சினியருக்கு. தன் பெயரைக் கோட்டுக்கு வைத்துக்கொண்ட முட்டாள் என்ற பெயர் எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனத்தில் நீதி இல்லை. ஏழையின் கண்ணீர் இல்லை. ஆடுகூட இல்லை. குளிர்சாதன அறையில் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கப்போகிற இரண்டு இளம் வரைவாளர்களின் முகங்கள் மட்டும் இருந்தன.

மேலாளரிடம் சொன்னேன்: “பிளான்ல முழுக்கோடு இருக்கு சார். முழுக்கோடுன்னா இருக்கும்.”

மேலாளர் சிரிப்பை நிறுத்தினார். “அப்படின்னா?”

“இடிக்கணும்னா திருத்தின பிளான் போடணும். மன்றம் ஒப்புதல் குடுக்கணும். அதுக்கப்புறம் இடிக்கலாம்.”

எஞ்சினியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “ஓம். அதுதான் முறை,” என்றார், ஏதோ முன்பே பேசி வைத்துக்கொண்டு வந்ததுபோல.

ஆ லெக் சுவரிலிருந்து பிளானைப் பிய்த்துக்கொண்டு வந்து புல்டோசர் மூக்கின் மேல் விரித்தார். “அப்ப கக்கூசு?”

“முழுக்கோடு.”

“எல்லாக் கக்கூசுமா?”

“எல்லாம்.”

“கோழிக்கூண்டு?”

“அதுவும்.”

“இந்த வாட்ச்மேன் கூண்டு? கதவே இல்லாம கெடக்கே?”

“முழுக்கோடு ஆ லெக்.”

“லயம்?”

லயங்கள் நீளமானவை. என் கோடு அவற்றின் மேல்தான் மிக அழகாக விழுந்திருந்தது.

“சரி விடுங்க,” என்றார் ஆ லெக்.

திரும்பும்போது ரெம்பாவ் ஊரைத் தாண்டினோம். பிறகு எஞ்சினியர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “அந்தக் கோட்டுக்கு ஆர் பேர் வச்சது?”

“நான்தான் சார்.”

“ம்.”

சிரம்பான் மணிக்கூண்டு தெரிந்தபோது ஒரே ஒரு வார்த்தை வந்தது. “அழியும்.” கோட்டைத்தான் அழிக்கச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

திருத்திய பிளானை நானே வரைந்தேன். இந்த முறை கணினியோடு வந்த அந்த அற்பமான ஓட்டுத்தையல் கோடுதான். உங்களுக்கு உருப்படியாக ஒன்று சொல்வதாக இருந்தால் இதுதான்: கோட்டு அளவை வைக்கும்போது திரையில் பார்த்து வைக்காதீர்கள், எந்த அளவில் அச்சாகப் போகிறதோ அதற்கு வையுங்கள். வைத்ததும் வரைபடத்தில் மிகக் குட்டையான சுவர் எது என்று தேடிப் போய், அங்கே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லையா, வரைபடம் முழுவதற்குமான எண்ணைத் தொடாமல், அந்தச் சுவருக்கு மட்டும் தனி அளவு கொடுங்கள். பெரிய கட்டடங்களைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் இருக்கும்.

திருத்திய பிளான் மன்றத்துக்குப் போனது. மன்றம் நியாயமாக ஒரு கேள்வி கேட்டு எழுதியது: பாதுகாக்கப்பட வேண்டும் என்று முன்பு தாங்கள் கருதிய கழிவறைகளை இப்போது இடிக்க விரும்புவதற்குக் காரணம் என்ன? எஞ்சினியர் அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தார். அவர் எழுதிய பதிலை நான் தட்டச்சு செய்யவில்லை, செய்தவர் வாயைப் பொத்திக்கொண்டு செய்தார். பதில் போனது. அடுத்த கூட்டத்தில் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. அதற்கடுத்த கூட்டம் பெருநாளுக்காகத் தள்ளிப்போனது. பிறகு ஓர் அதிகாரிக்கு மாற்றலாகிப் புதியவர் வந்து, முதலிலிருந்து தொடங்கினார். இவ்வளவு பேர் உண்மையாக உழைத்தும் வேலை நடக்காமல் இருந்தது எங்கள் கையில் இல்லை.

அதற்குள் தோட்டம் ஒரு விநோதக் காட்சியாக மாறியிருந்தது. ஒரு பூகம்பம் வந்து பெரிய கட்டடங்களை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனதுபோல. ஸ்டோர் இல்லை, புகைக்கூடு இல்லை, லயங்கள் இல்லை. சமப்படுத்திய செம்மண் வெளியில் கக்கூசுகள் மட்டும் வரிசையாக, இல்லாத வீடுகளுக்குக் காவல் நின்றன. கதவில்லாத வாட்ச்மேன் கூண்டு எதையும் காக்காமல் நின்றது. மேலாளர் வேறு வழியில்லாமல் அவற்றைச் சுற்றியே புல் பதித்தார். வெளிநாட்டுப் புல். அஞ்சலையின் ஆடுகள் அதை முதலில் முகர்ந்து பார்த்தன. பிறகு முகர்வதற்கெல்லாம் நேரம் ஒதுக்கவில்லை.

மேலாளர் ஓடிவந்து கத்தினாராம். அஞ்சலை கேட்டாராம்: “நல்ல புல்லா இருக்கே சார், எந்த ஊருது?”

கடைசியில், மன்றம் முடிவெடுப்பதற்கு முன்னால் மேலாளர்தான் களைத்தார். மலிவு விலை வீடுகள் முடிந்ததும் ஓரத்து வீட்டை அஞ்சலைக்கு ஒதுக்கி, அதன் பின்னால் கிடந்த நிலத்தில் தன் செலவில் ஒரு கொட்டகையும் போட்டுக் கொடுத்தார். ஆடுகள் தாமாகவே நடந்து போயின. நடக்கவே சிரமப்படும் அளவுக்குக் கொழுத்திருந்தன என்று ஆ லெக் சொன்னார். கறிக்கடைக்காரர் அதன்பின் வந்தபோது வாயைத் திறந்து விலை கேட்கவேண்டியிருந்தது.

ஆ லெக்தான் எனக்கு அழைப்பும் கொண்டுவந்தார். புது வீட்டருகே முனியாண்டி சாமிக்குக் கெடா வெட்டுப் பூசை. கட்டாயம் வரவேண்டுமாம். போனேன். போயிருக்கக்கூடாது. கூடாரத்துக்குள் நுழைந்ததும் மாலையோடு ஓடிவந்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்து, “பெரிய பெரிய கம்பெனிக்காரன் முன்னால நெஞ்சை நிமித்தி, ஒரு கோட்டால நம்ம மக்களைக் காத்த மாவீரர்” என்றார். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

நான் மைக்கை வாங்கி உண்மையைச் சொன்னேன். அது வேண்டுமென்று செய்ததில்லை, கோட்டு அளவில் நேர்ந்த பிழை, நான் பயந்துபோய்த்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். கூட்டம் அப்படியே உருகிவிட்டது. “என்ன அடக்கம் பாரு” என்று முன்வரிசைப் பெண்கள் சொன்னது எனக்கே கேட்டது. மறுபடி மறுத்தேன். இரண்டாவது மாலை விழுந்தது. மூன்றாவதாக மறுத்திருந்தால் எனக்கும் ஒரு சிலை வைத்திருப்பார்கள் என்று அஞ்சி உட்கார்ந்துவிட்டேன்.

இலை போட்டார்கள். அஞ்சலையே பரிமாற வந்தார். வாளியிலிருந்து கறி விழுந்தது. மணம் தூக்கியது. கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தேன்.

“அக்கா, இது… அந்தக் கொட்டகையில இருந்ததா?”

“பின்ன? பெரிய கெடா. கோல்ஃப் புல்லு தின்னு வளந்தது. அதான் இவ்ளோ மெத்துன்னு இருக்கு. தின்னுங்க தம்பி.”

நான் காப்பாற்றியதாகச் சொல்லப்பட்ட உயிரை நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாலையின் ஈரம் கழுத்தில் அரித்துக்கொண்டே இருந்தது. ஊர் நம்பாவிட்டாலும் போகட்டும், இந்த ஒருவராவது நம்பவேண்டும் என்று தோன்றியது. அவர் இரண்டாம் முறை ஈரல் கொண்டுவந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“அக்கா, உங்ககிட்ட மட்டும் சத்தியமாச் சொல்றேன். நான் உங்களுக்காக எதுவும் செய்யல. அந்தக் கொட்டாயையும் இடிக்கத்தான் கோடு போட்டேன். அளவு தப்பிப் போச்சு. அவ்வளவுதான்.”

அஞ்சலை ஈரலை என் இலையில் வைத்துவிட்டு, ஆச்சரியமே இல்லாமல் என்னைப் பார்த்தார்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா தம்பி. ஆபீசுக்காரங்க எங்களுக்குன்னு யோசிச்சுச் செஞ்சது எது இதுவரைக்கும் ஒழுங்கா முடிஞ்சிருக்கு? இது நல்லபடியா முடியறப்பவே நெனச்சேன், எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு.”